அக்காவோடு கதைக்க ஒரு செயலி

1

எங்கள் குடும்பத்துக்குக் கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. கனடா, லண்டன், சுவிஸ், கொழும்பு, திருகோணமலை என்று நாற்பத்தொரு பேர். விடிந்தால் பூப்படம், பொழுதுபட்டால் சாமிப்படம், நடுவில் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக். அதில் நான் இல்லை. மூன்று தரம் சேர்த்தார்கள், மூன்று தரமும் வெளியே வந்துவிட்டேன். தவமணிக்கு நோர்வே போனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கதை போனதாம். அது என் காதுக்கும் வந்தது. இருக்கட்டும். காரணத்தை எழுதிவிடுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதை வாசித்துவிட்டு, அதற்குப் பிறகும் மனம் இருந்தால் என்னைப் பேசுங்கள்.

அந்தக் குழுவில் என் அக்காவும் இல்லை. அக்காவுக்குக் கதைக்க வழியில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை?

அக்காவின் பெயர் பவளம். திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கிறார். துறைமுகத்தோடு சேர்ந்த ஒரு கந்தோரில் முப்பது வருடம் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற வருடமே காது மந்தமாகத் தொடங்கியது. இப்போது அறவே கேட்காது. காதில் பொருத்தும் கருவி மூன்று வாங்கிப் பார்த்தாயிற்று. இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது, ஆட்கள் கேட்கவில்லை என்று சொல்லி மூன்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

காதுதான் போனது, விரல் போகவில்லை. பழைய தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையைக் கணினியில் போட்டுக் கொடுத்தோம். பார்க்காமல் அடிப்பார். நான் ஒரு வரி எழுதி முடிக்க முன்னம் அவருடைய நாலு வரி வந்துவிடும். நக்கல், கோபம், அயலட்டைப் புதினம் எல்லாம் வரும். அதே அக்காவின் கையில் ஒரு கைபேசியைக் கொடுத்துப் பாருங்கள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி “ஓம்” என்று எழுதுவார். அதற்குப் பிறகு ஒரு பெருவிரல் படம். அவ்வளவுதான்.

வீடியோ அழைப்பு அதைவிட மோசம். நாங்கள் வாயை ஆட்டுவோம், அவர் சிரித்துத் தலையாட்டுவார். ஒரு முறை சித்தப்பா செத்துப்போன செய்தியைச் சொன்னோம். அதற்கும் சிரித்துத் தலையாட்டினார். பிறகு விசயம் தெரிந்ததும் மூன்று நாள் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், இனி அக்காவோடு கதைப்பதென்றால் கணினியில் எழுத்தால்தான் என்று. அதிலிருந்து பதினொரு வருடம் அப்படித்தான் கதைத்தோம்.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். விடிய ஆறு மணிக்குப் போனால் ஒரு மணிக்கு வீடு. குளிர்காலத்தில் எனக்கு ஒன்றரை என்றால் அக்காவுக்குப் பின்னேரம் ஆறு. அவர் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் குசினி மேசையில் சோற்றுக் கோப்பையோடு உட்காருவேன்.

முதல் வரி எப்போதும் ஒன்றுதான். “இண்டைக்குக் கப்பல் ரெண்டு, லாஞ்சி ஒண்டு, இழுவை மூண்டு.” துறைமுகத்தில் அன்றைக்கு என்னென்ன நிற்கின்றன என்று ஒவ்வொரு காலையும் ஒரு தாள் அடிப்பதுதான் கந்தோரில் அக்காவின் முதல் வேலை. கப்பலுக்கு ஒரு நிரல், ஆட்களை ஏற்றும் லாஞ்சிக்கு ஒரு நிரல், கப்பலை இழுக்கும் இழுவைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. சந்தைக்குப் போகும் பஸ் யன்னலால் எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுதுவார். எனக்குக் கப்பலைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்த வரி வராத நாளில் சோறு இறங்காது.

அக்காவின் கணினியும் அக்காவைப் போலத்தான், சொன்னது கேட்காது. உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. இடி முழங்கினால் அக்கா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கினால் கணினியின் திகதி எத்தனையோ வருடம் பின்னால் போய்விடும். திரும்பப் போட்டதும் முதல் வேலையாகத் திகதியைக் கையால் திருத்துவார். கந்தோரில் திகதி முத்திரையைத் தினமும் திருப்பி வைத்த கை. அதனால் அது அவருக்கு ஒரு தொல்லையாகவே படவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் எங்கள் செயலியைத் திறந்ததும் ஒரு அறிவித்தல் வந்தது. இந்தச் சேவை அடுத்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, இவ்வளவு காலமும் கூட இருந்ததற்கு நன்றி. அதே அறிவித்தல் அக்காவுக்கும் வந்திருந்தது. அவர் எழுதினார்: “என்னவாம், எங்கடை கடையைப் பூட்டப் போறாங்களாம். நீ படிச்சனி, வேறை ஒண்டைப் பார்.”

3

என் மகள் அபிராமி இதே ஊரில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். கணினி விசயம் எல்லாம் அவள்தான். விசயத்தைச் சொன்னதும், கண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டே, பெரியம்மாவுக்கு ஒரு நல்ல ஃபோன் வாங்கிக் கொடுங்கள், எழுதவே தேவையில்லை, குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கி நாக்கைக் கடித்தாள்.

அவளில் பிழை இல்லை. அவள் பெரியம்மாவை வாழ்க்கையில் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. நானும் பதினொரு வருடம் அக்காவின் எழுத்தை ஒரு நாளாவது அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கைபேசி இல்லாமல் கணினியில் தனியாக ஓடவேண்டும். அக்காவின் விசைப்பலகையை ஏற்கவேண்டும். எழுத்தைப் பெரிதாக்க முடியவேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் அக்காவை மறக்கக்கூடாது. கடைசியில், பூப்படம் வரக்கூடாது. அபி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இப்படி ஒன்று இந்த உலகத்தில் இல்லை என்றாள். இல்லாவிட்டால் தேடுவோம் என்றேன்.

பழைய செயலி ஒரு வியாழக்கிழமை நின்றது. அந்தச் சனிக்கிழமை, எல்லோரும் பாவிக்கிற ஒன்றையே கணினியில் போட்டுப் பார்த்தோம். அதற்கு ஒரு கைபேசி இலக்கம் வேண்டும். அக்காவிடம் கைபேசி இல்லை, காது கேளாதவளுக்கு எதற்கு என்று எப்போதோ மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் ரமணன் புல்மோட்டையில் வேலை செய்கிறான், சனிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுவான். அவனுடைய இலக்கத்தைக் கொடுத்தோம், குறியீடு வந்தது, திறந்தது. ஞாயிறும் கதைத்தோம். திங்கள் இடி முழங்கியது. அக்கா பிளக்கைப் பிடுங்கினார். திரும்பப் போட்டபோது திகதி பின்னால் போயிருக்க, செயலி பயந்துபோய், நீ யார், குறியீட்டைச் சொல்லு என்று கேட்டது. அந்தக் குறியீடு புல்மோட்டையில் ரமணனின் கைபேசிக்குப் போனது. அவன் வேலையில் நின்றான், கைபேசி பெட்டிக்குள் கிடந்தது. அவன் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, பக்கத்து வீட்டார் கடதாசியில் எழுதி அக்காவிடம் கொடுக்கும்போது குறியீடு செத்துவிட்டது. மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

நான் அந்த நிறுவனத்துக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு கடிதம் எழுதினேன். கந்தோருக்கு எழுதுகிற மாதிரி “மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு” என்று தொடங்கியிருந்தேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த நாட்டில் அப்படி ஒருவரும் எழுதுவதில்லை, அதோடு அங்கே ஐயா ஒருவரும் இல்லை, மெசின்தான் வாசிக்கும் என்றாள். என் அக்காவுக்குக் காது கேட்காது என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், கீழே உள்ள இலக்கத்துக்கு உங்கள் சகோதரியை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

4

அடுத்த சனிக்கிழமை வேறொரு செயலி. இதற்குக் கைபேசி இலக்கம் வேண்டாம், மின்னஞ்சல் போதும். ரமணன் தன் கைபேசியை அலுமாரியில் சாய்த்து வைத்து என்னை வீடியோவில் கூப்பிட்டான். எனக்கு அக்காவின் பக்கவாட்டு முகமும், மௌஸ் பிடித்த கையும், கணினித் திரையும் தெரிந்தன. அக்காவுக்கு நான் பேசுவது கேட்காதுதானே, அதனால் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் எழுதிக் கமராவுக்கு முன்னால் பிடிப்பது என்று ஏற்பாடு.

எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் ஒரு சோதனை வந்தது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும், ஒன்பது படம் காட்டப்படும், அதில் படகு உள்ள படங்களை எல்லாம் அழுத்த வேண்டும். படகு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவளுக்கு இதைவிடச் சுகமான சோதனை வேறு என்ன?

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரேயொரு படத்தை அழுத்தினார். பிழை என்று வந்தது. திரும்பவும் படங்கள் வந்தன. திரும்பவும் ஒன்றையே அழுத்தினார். திரும்பவும் பிழை. நான் என் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு படத்தில் மீன்பிடிப் படகு. இரண்டில் பெட்டி அடுக்கிய பெரிய கப்பல். ஒன்றில் மூதூருக்கு ஓடுகிறதைப் போல ஆட்களை ஏற்றுகிற லாஞ்சி. மெசினுக்கு நாலும் படகு.

அவசரமாக எழுதிப் பிடித்தேன்: கப்பலையும் லாஞ்சியையும் அழுத்துங்கோ.

அக்கா வாசித்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் கொஞ்சம் உரத்துத்தான் பேசுவார்.

“தவம், கப்பல் படகில்லை.”

தெரியும், ஆனாலும் அழுத்துங்கோ என்று எழுதிப் பிடித்தேன்.

“தெரிஞ்சுகொண்டு பிழையா அடிக்கச் சொல்லுறியோ?”

ரமணன் பொறுமை இழந்து, “சித்தி, விடுங்கோ, நான் அழுத்துறன்” என்று கையை நீட்டினான். அக்கா மௌஸை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மூன்றாம் முறையும் படகை மட்டும் அழுத்தினார். நீங்கள் மனிதர் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று வந்தது. வேண்டுமானால் ஒரு ஒலியைக் கேட்டு, கேட்டதை எழுதலாமாம். அதையும் அக்கா வாசித்தார். மகனைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். வெளியே இடியும் இல்லை, மழையும் இல்லை.

5

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு கப்பலை அழுத்தியிருந்தால் அன்றைக்கே கதைத்திருக்கலாம். பிடிவாதம் பிடித்த மனிசி, தங்கச்சியைவிடக் கப்பல் பெரிதாய்ப் போய்விட்டதா என்று குசினியில் கோப்பைகளோடு சண்டை பிடித்தேன். அக்காவிடம் சொல் என்று ரமணனுக்கு இரண்டு வரி கடுமையாகவும் எழுதிவிட்டேன். பிறகு ஒன்றரை மணி ஆகும், பழக்கத்தில் கணினிக்கு முன்னால் போய் உட்காருவேன். ஒன்றும் வராது. பாத்திரத்தைக் கழுவப் போவேன். உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன். அக்காவுக்கு எழுபது நெருங்குகிறது. வீட்டில் தனியே, காதும் இல்லாமல், இப்போது வாயும் இல்லாமல் இருக்கிறாள். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தலையாட்டுகிற பொம்மையாகிப் போய்விடுவாளோ என்று பயம்.

அந்தக் கிழமைதான் வேலையிடத்தில் எனக்கு முப்பது வருட நிறைவு. கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் கந்தசாமி.

கந்தசாமி என் அப்பா. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நிரப்பிய படிவத்தில், எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதி என் பெயரைப் பின்னால் எழுதியிருந்தேன். இங்கே முதலில் நிற்பதுதான் ஆளின் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். பதிந்த அன்றைக்கே அது பிழை என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இது சரிதானே என்று கேட்டாள். பின்னால் வரிசை நீளமாக நின்றது, எனக்கு மொழியும் தெரியாது, சரி என்று கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். சலவைப் பகுதியில் செல்லமாகக் “கந்தா”.

சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அக்காவின் கேள்வி நினைவுக்கு வந்தது. தெரிஞ்சுகொண்டு பிழையா அடிக்கச் சொல்லுறியோ?

அதற்குள் இருந்த கதையும் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அக்கா மூதூர் லாஞ்சியைப் படகு நிரலில் அடித்துவிட்டார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் டீசல் கொடுப்பார்கள். லாஞ்சிக்கு டீசல் கிடைக்கவில்லை. சனம் பின்னேரம் வரை இறங்குதுறையில் வெயிலில் நின்றது. தலைமை எழுதுவினைஞர் அக்காவைக் கூப்பிட்டு, போய் அந்த ஆட்களிடம் நீயே மன்னிப்புக் கேள் என்று அனுப்பினார். இருபது வயதுப் பெட்டை, ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கேட்டிருக்கிறாள். கைப்பிள்ளையோடு நின்ற மூதூர்ப் பெண் ஒருத்தி மட்டும், “பரவாயில்ல மகள், நாளைக்குச் சரியா அடிங்க” என்றாளாம். அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் ஒரு நிரல் மாறவில்லை. இதை எனக்குச் சொன்னதே அக்காதான், கண் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்த அன்றைக்கு.

இப்படிப்பட்ட அக்காவைப் பார்த்துத்தான் நான் கப்பலை அழுத்து என்று எழுதிப் பிடித்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாளே சான்றிதழைத் திருப்பிக் கொண்டுபோனேன். இது என் அப்பாவின் பெயர், என் பெயர் தவமணி, அந்தப் பெயரில் தாருங்கள் என்றேன். பொறுப்பாக இருக்கிற பெண் நல்லவள். கணினியில் அப்படித்தான் இருக்கிறது, முப்பது வருடமாக நீ ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். இப்போது சொல்கிறேன் என்றேன். மாற்றக் காலமெடுக்கும் என்றாள். நான் காத்திருக்கிறேன், அதுவரை அந்தக் கண்ணாடிச் சட்டம் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் அந்த நடைபாதையில் நடந்ததில்லை.

6

ஞாயிறு அபி வந்தபோது படகுக் கதையை முழுதாகச் சொன்னேன், டீசலையும் மூதூர்ப் பெண்ணையும் சேர்த்து. முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“பெரியம்மா சொன்னது சரிதானேம்மா. ஏன் அவ பிழையா அழுத்தவேணும்?”

அன்று பின்னேரம் முழுக்கத் தேடினாள். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். யாரோ நாலு பேர் சம்பளமில்லாமல் செய்து வைத்திருக்கிற செயலி. கைபேசி வேண்டாம், படம் வேண்டாம், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். பழைய கணினியிலும் ஓடும். திகதி மாறினால், திகதியைத் திருத்து என்று மட்டும் சொல்லும், ஆளைச் சந்தேகப்படாது. பார்க்க வடிவாக இல்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வடிவை வைத்து நான் என்ன செய்ய?

பெரியம்மாவின் கணக்கைத் தொடங்கும்போது அபி நிமிர்ந்து, “அம்மா, பெரியம்மான்ர பேர் என்ன?” என்று கேட்டாள். இருபத்தாறு வயதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திருகோணமலைப் பெரியம்மா. பவளம் என்றேன். பவளம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அடித்தாள். அடுத்து என் கணக்கு. கை பழக்கத்தில் கந்தசாமி என்று அடித்துவிட்டாள்.

“அழி,” என்றேன். “தவமணி எண்டு போடு.”

அந்த ஞாயிறுக்கு முதல் நாள் ரமணன் வீட்டுக்கு வரவில்லை, மழையில் புல்மோட்டைப் பாதை வெள்ளம். அவன் வந்தது அடுத்த சனிக்கிழமைதான். பழைய செயலி நின்று அன்றோடு இருபத்துமூன்று நாள். செயலியைப் போட்டுவிட்டேன், அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டா, இனி உங்கள் பாடு என்று எனக்குச் செய்தி அனுப்பினான். அபியும் அன்றைக்கு வந்திருந்தாள். ஒன்றரை மணிக்கு நாங்கள் இருவரும் குசினி மேசையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பவளம் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. நான் முதலில் மன்னிப்புக் கேட்கலாம் என்று கையை வைத்தேன்.

அதற்குள் வந்து விழுந்தது. ஒரு வரி, இரண்டு வரி இல்லை. திரை நிரம்பி, கீழே போய், இன்னும் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் திகதி. “வெள்ளி. கப்பல் மூண்டு, லாஞ்சி ஒண்டு, இழுவை ரெண்டு. இண்டைக்கு உன்னோட கதைக்க ஏலாது, எண்டாலும் எழுதி வைக்கிறன்.” பிறகு திங்கள். செவ்வாய். புதன். கேற்றடிக்கு மான் ஒன்று குட்டியோடு வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கலியாணம் குழம்பிப் போனது, நான் ரமணனிடம் சொல்லிவிட்ட கடுமையான இரண்டு வரிக்கு அரைப் பக்கம் ஏச்சு. கதைக்க முடியாத அத்தனை நாளும் ஆறு மணிக்கு விளக்கு வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, வெறும் பக்கத்தில் அடித்துச் சேமித்து வைத்திருக்கிறார். தலையாட்டுகிற பொம்மையாகிவிடுவாளோ என்று நான் பயந்த மனிசி.

எனக்குக் கண் மறைத்தது. அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

அபி என் கையைப் பிடித்தாள். “என்ன எழுதியிருக்கிறா? வாசியுங்கோ. முதல்ல இருந்து.”

முதலில் இருந்து வாசித்தேன். மான் குட்டிக்குச் சிரித்தாள், எனக்கு விழுந்த ஏச்சுக்கு அதைவிடச் சிரித்தாள். வாசித்து முடிக்கச் சோறு ஆறிப்போயிருந்தது. கடைசி வரி அன்றைக்கு அடித்தது.

“அந்த ஒன்பது படத்திலையும் படகு ஒண்டுதான். ஆராவது கேட்டாச் சொல்லு.”

நான் எழுதினேன்: “ஓம் அக்கா. ஒண்டுதான்.”